மாத்தளைக்கு வந்த அரிசி: வணிகமும் உதவியும்

ஒரு நாட்டின் உறுப்பாயமைந்த பிராந்திய அரசு பிறிதொரு நாட்டுக்கு உதவி வழங்குதல் உலக வழக்கிற்குப் புதியதன்று. ஜேர்மனியின் றைன்லாந்து–பலற்றினேற் மாநிலம் 1982 முதல் றுவாண்டாவுடன் கூட்டுறவு பேணி வந்துள்ளது; ஸ்கொத்லாந்து அரசு 2005 இல் மலாவியுடன் ஒத்துழைப்பு உடன்பாடொன்றைச் செய்துகொண்டது. தமிழர் வரலாற்றில் இத்தகைய உதவிக்குத் தெளிவான சான்றாக அமைவது, 2022 ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு இலங்கைக்கு அனுப்பிய அரிசியாகும். ஆயின், மாத்தளை மாவட்டத்தின் கடந்த காலத்தோடு இணைத்து நோக்குமிடத்து, இந்தியக் கரையிலிருந்து அரிசி வருவது இம்மண்ணுக்குப் பழகிய செய்தியே. முன்னர் அது உதவியாக வரவில்லை என்பதே வேறுபாடு.

மாத்தளையின் மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியது 1840களிலாகும். முதலீடு பிரித்தானியருடையது, உழைப்பு தமிழகத்தினது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் மிகப் பலர். வந்து சேர்ந்தோர்க்கு வேண்டிய அரிசியைக் கண்டி நாட்டு வயல்கள் ஈட்டித்தரப் போதா ஆகலின், அதுவும் இந்தியாவிலிருந்தே கப்பலேறிற்று. மாத்தளைக்குப் புகையிரதம் 1880 இலேயே வந்தது. அதுவரை மாட்டு வண்டிகளே மூடைகளைச் சுமந்தன. தோட்டத்தில் அரிசியை முன்கடனாக அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொள்வது வழக்கமாயிற்று. எனவே தொழிலாளி உண்ட ஒவ்வொரு பிடி அரிசியும் கணக்கேட்டில் அவனது கடனாக நின்றது. முதலீடு, வணிகம், கூலி மூன்றும் ஒரே மூடைக்குள் அடங்கியிருந்த காலம் அது.

இவ்வேற்பாட்டிற் சென்னை மாகாண அரசுக்கு இருந்த இடம் யாது? அம்மாகாணத்து மக்களே கடல் கடந்தனரெனினும், அவர்கள் கடக்கலாமா என்பதைத் தீர்மானித்தது கல்கத்தாவிலிருந்த பிரித்தானிய இந்திய அரசாகும். தொழிலாளர் வெளியேற்றத்தை 1839 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடுத்ததும், 1847 இல் இலங்கைக்கு மட்டும் அத்தடையைத் தளர்த்தியதும் அவ்வரசே. கோப்பித் தோட்டங்களின் ஆள் தேவை அத்தளர்வுக்குப் பின்னணியாயிருந்தமை வெளிப்படை.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கை தன் தலையாய அரிசிக் களஞ்சியத்தை இழந்தது. பத்தாண்டுகளின் பின், 1952 திசம்பரில், சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. மாத்தளையும் இறப்பர் விளையும் மாவட்டமாதலின் இப்பண்டமாற்று அதற்கு அயலானதன்று. சீனாவுக்கு இறப்பர் விற்றமையைக் காரணங்காட்டி அமெரிக்கா இலங்கைக்கு உதவி வழங்க மறுத்தது. அம்மறுப்பு 1956 வரை நீடித்தது. உதவி வணிகத்தின் நிழலிலேயே நடக்கும் என்பதற்கு இதனினும் நேரான சான்று தேடவேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே 2022 நோக்கற்பாலது. அவ்வாண்டு ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திற்று. ஏப்ரல் 29 இல், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் முன்மொழிந்த தீர்மானத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 80 கோடி இந்திய ரூபா பெறுமதியான 40,000 தொன் அரிசி, 15 கோடிக்கு 500 தொன் பால்மா, 28 கோடிக்கு 137 வகை மருந்துகள் என 123 கோடி ரூபா உதவியை அது குறித்தது. கிலோ அரிசி 20 ரூபா என்பது இதிற் பெறப்படும் கணக்கு. தொகையளவில் இது 1952 ஒப்பந்தத்தின் ஓராண்டு அரிசியில் ஏறத்தாழ ஏழிலொன்றே. எனினும் கொடுத்தது ஒரு மாநிலம் என்பதை மறத்தலாகாது. தமிழர்க்கு மட்டுமென முதலில் எண்ணப்பட்ட உதவி, இலங்கைத் தமிழ்த் தலைவர்களின் வேண்டுகோளையடுத்து மக்கள் அனைவர்க்குமென விரிந்தது. இன அடிப்படையிற் பங்கிடப்படும் அரிசி, பெற்றோர்க்கே பகையை ஈட்டித் தந்திருக்கும், அவ்வேண்டுகோள் மதிநுட்பமுடையது.

எனினும் கப்பலை அனுப்பும் அதிகாரம் சென்னையிடம் இருக்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை வெளிநாட்டு அலுவல்களையும் வெளிநாட்டு வணிகத்தையும் ஒன்றியப் பட்டியலிலேயே வைத்துள்ளது. ஆகவே டில்லியின் இசைவு வேண்டப்பட்டது. மே 18 இல் 9,000 தொன் அரிசியுடன் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பலின் பொருள்களை, மே 22 இல் கொழும்பிற் கையளித்தவர் இந்திய உயர் ஆணையாளரே. கல்கத்தா இருந்த இடத்தில் டில்லி நின்றது. மாத்தளையை உள்ளடக்கிய மத்திய மாகாணத்துக்கும் அவ்வுதவியிற் பங்கு சென்றது.

அதே காலத்தில் ஒன்றிய அரசு செய்தது வேறுவகை. 2022 மார்ச்சில் அது வழங்கிய 100 கோடி அமெரிக்க டொலர் கடன் வசதி, உணவும் மருந்தும் இந்தியாவிலிருந்து வாங்குதற்கென்றே அமைந்தது. மாத்தளையிலேயே இதற்கு நிகரான பெருஞ்சான்று அம்பன் கங்கையின் குறுக்கே நிற்கின்றது: மொறகஹகந்த அணைக்குச் சீன அபிவிருத்தி வங்கி 21.4 கோடி டொலர் கடன் தந்தது. கட்டியது சீனாவின் சினோஹைட்ரோ நிறுவனம். கடனாக வந்த பணத்தில் ஒரு பகுதி ஒப்பந்தக் கூலியாக வந்த வழியே திரும்பியது. அணையின் நீர் வயல்களுக்குப் பயன்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. கடன் தந்த நாடும் அதிற் பயன்கொண்டது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழ்நாட்டு அரிசிக்கு அத்தகைய பின்தொடர்ச்சி இல்லை. அதனை விற்பனையாகவோ முதலீடாகவோ வளர்க்கும் உரிமை அதனை அனுப்பிய அரசுக்கு இல்லாமையே அதற்கு ஒரு காரணம். கொடையின் தூய்மை மட்டுமன்று. ஆயினும், கோப்பிக் காலந்தொட்டு மாத்தளை மலைகளுக்கு இந்தியக் கரையிலிருந்து வந்த அரிசியுள், எவருடைய கூலியிலும் கழிக்கப்படாது வந்தது இதுவாகும்.