சுழலும் சிறகின் கணக்கு

திருகோணமலைச் சீனக்குடாவிலே ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென எழுப்பிய எண்ணெய்க் குதங்களை அறிவீர்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தது. குதத்தில் தேங்கிய எண்ணெயை அளக்க ஒரு கோல் போதும். ஓடும் எண்ணெயை?

ஜெர்மானியப் பொறியியலாளர் வோல்ட்மன் 1790இல் ஒரு வழி சொன்னார்: நீரோட்டத்தில் சிறகுச் சக்கரத்தை இறக்கி, அதன் சுற்றுகளை எண்ணுவது. ராக்கெட் எஞ்சின் சோதனையில் எரிபொருட் குழாய்க்குள் சுழலும் கருவி அதன் வழித்தோன்றலே. ஆனால் குழாயின் வளைவு ஓட்டத்தை முறுக்கிவிடும். சிறகு பொய்க்கணக்குச் சொல்லும். அக்கணக்கை நம்பி எரிபொருளையும் ஆக்சிஜனையும் கலந்தால், விகிதம் பிறழ்ந்து எஞ்சினே உருகவும் கூடும். ஆகவே இன்று குழாயின் உள்வெளியைக் கணிப்பொறியில் நுண்கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஓட்டத்தைக் கணிக்கிறார்கள். முறுக்கு எங்கே அடங்குகிறதோ அங்கே சிறகைப் பொருத்துகிறார்கள்.