கீழக்கரை அன்னையர் காட்டிய வழி

குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது, எழுத்தறிவிப்பது ஆசிரியர் பாடு என்று எண்ணுவோர் பலர். இராமநாதபுரத்துக் கடற்கரையின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது.

கீழக்கரை, முத்தும் சங்கும் மூழ்கியெடுத்த ஊர். கலமேறிக் கடல் கடந்த வணிகரின் ஊர். ஆடவர் கடலோடினர், இல்லத்திலிருந்த இசுலாமியப் பெண்களோ எழுத்தைக் கைக்கொண்டனர். எப்படி? மறை ஓதுவதற்கென இளமையிலேயே அரபு எழுத்தைக் கற்றனர். அவ்வெழுத்திலேயே தாய்மொழியாம் தமிழையும் படித்தனர். அரபியில் இல்லாத ளகர, ணகரம் போன்ற தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது வடிவங்கள் அமைந்தன. அதுவே அரபுத் தமிழ். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல்கள் இயற்றினார். பள்ளி வாயிலை மிதியாத தாயும் பாட்டியும் தம் மடியிலிருந்த மழலைக்கு எழுத்தறிவித்தனர். செவி பழகிய சொல்லைக் கண் காணும்போது எழுத்து பேசத் தொடங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், குறையை நாம் மறைப்பதற்கில்லை. அவ்வேடுகளில் பெரும்பாலும் சமயமே பேசிற்று. நீதிமன்றமும் செய்தித்தாளும் வேறு எழுத்தில் நடந்தன. தமிழெழுத்தறியாத பெண்ணுக்கு அவ்வாயில்கள் அடைத்தே கிடந்தன.

மற்றவர் நிலை என்ன? 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கல்விக் கணக்கெடுக்கப் பணித்தார். பள்ளிகளில் பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் ஏறத்தாழ 4,500 பேரே! சென்னை நகரில் மட்டும் வீட்டிலே பயின்றோர் பள்ளியில் பயின்றோரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கு வந்தது. அவ்வெண் பிழையோ என மன்றோவே ஐயுற்றார். எண் எதுவாயினும் உண்மை ஒன்று: படித்தவர் வீட்டில் பிள்ளை படித்தது. படிப்பு மறுக்கப்பட்டவன் வீட்டில் யார் கற்பிப்பது? திண்ணையும் அவனுக்கில்லை, வீட்டிலும் ஏடில்லை. அறியாமை இவ்வாறே பரம்பரைச் சொத்தாயிற்று. அதற்குத் தலைவிதி என்று பெயரும் சூட்டினர்!

கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலைதோறும் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். வீட்டில் துணையற்ற பிள்ளை பின்தங்கும் என்பதை அந்நாட்கள் நாடறியச் செய்தன.

இளைஞர்களே! பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் மணலுக்கா பஞ்சம்? மீன், வலை, படகு, அலை என்று குழந்தையின் நாவறிந்த சொற்களை மணலில் எழுதிக் காட்டுங்கள். விரல் பற்றி எழுதச் செய்யுங்கள். அடிக்காதீர்கள், அவசரப்படாதீர்கள். நாள்தோறும் ஒரு பக்கம் கதை படித்துக் காட்டுங்கள். தாய் எழுத்தறியாதவரா? பிள்ளை படிக்க, அவர் அருகமர்ந்து கேட்கட்டும். பிள்ளையோடு அவரும் கற்கட்டும்.

கீழக்கரை அன்னையர்க்கு அன்று கிட்டியது ஓர் எழுத்து. இன்று நம் கையிலோ உலகைத் திறக்கும் நூல்கள். அவற்றை அடுக்களை வரை கொண்டு சேர்ப்பதே நம் பணி. தாயின் கைக்கு ஏடு வந்த வீட்டில் தலைவிதிக்கு இடமிராது.