அடுக்களை வாசலில் நின்ற சட்டம்

வீட்டு வேலையைக் கணவனும் மனைவியும் பகிர்ந்து செய்வது நல்லது என்று அறிவுரை கூறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அதனைக் கடமையெனத் தன் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு கியூபா. வளரும் நாடுகளின் இல்லற வரலாற்றில் நாம் ஊன்றிப் படிக்கத் தக்க ஏடு அது.

1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அத்தீவின் அரசு, பெண்களைத் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் அழைத்தது. 1960-இல் கியூபப் பெண்கள் கூட்டமைப்பு தோன்றியது. வில்மா எஸ்பின் அதனை வழிநடத்தினார். 1961 முதல் குழந்தைகள் காப்பகங்கள் திறக்கப்பட்டன. பெண்கள் திரளாக வந்தனர். வந்தவர்களில் பலர் நிலைக்காமல் வீடு திரும்பினர். 1974-இல் மத்தான்சாஸ் மாநிலத்தில் சோதனை முறையில் மக்கள் மன்றத் தேர்தல் நடந்தபோது, வென்றவர்களுள் பெண்கள் நூற்றுக்கு 3 பேரே. காரணம் தேடியபோது அடுப்பும் பிள்ளைகளுமே முன்னின்றன. ஆலையில் எட்டு மணி நேரம் உழைத்தவளுக்கு வீட்டில் மற்றொரு வேலைநாள் காத்திருந்தது.

இந்நிலையில்தான், மக்கள் கூடி விவாதித்தபின், 1975 மார்ச் 8 அன்று குடும்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை வளர்ப்பிலும் வீட்டை நடத்துவதிலும் இருவரும் ஒத்துழைக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதன் 27-ஆம் பிரிவு இன்னும் ஓரடி முன்சென்றது. ஒருவர் பொருளீட்ட, மற்றவர் வீட்டை மட்டுமே கவனித்தாலும், பொருளீட்டுபவர் வீட்டு வேலையில் ஒத்துழைக்கும் கடமையிலிருந்து விடுபட மாட்டார். ‘நான்தானே சம்பாதிக்கிறேன்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. திருமணப் பதிவின்போது இப்பிரிவுகள் மணமக்களுக்கு வாசிக்கப்பட்டன.

வாசித்த சொல் வாழ்வாயிற்றா? பாஸ்தோர் வேகா இயக்கி 1979-இல் வெளிவந்த ‘தெரேசாவின் உருவப்படம்’ என்னும் கியூபத் திரைப்படம் இக்கேள்வியையே எழுப்பியது. நெசவாலைத் தொழிலாளியான தெரேசா விடியுமுன் எழுந்து வீட்டு வேலை முடித்து ஆலைக்கு ஓடுகிறாள். கணவனோ அவளது பொதுப்பணியைக் குறை கூறுகிறான்.

அரசின் ஏற்பாடுகளிலும் பழைய எண்ணம் ஒளிந்திருந்தது. வேலைக்குச் செல்லும் பெண்கள் கடை வரிசையில் நின்று வாடாதிருக்க, அவர்களுக்கு முன்னுரிமை தரும் திட்டம் ஒன்று 1970களில் இருந்தது. அதன் பெயர் ‘ஹாபா’. பை என்பது பொருள். நல்ல நோக்கம்தான். ஆயினும் பை அவள் கையிலேயே இருந்தது. கணவன் கைக்கு அது மாறவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபின் கியூபாவில் எரிபொருளும் உணவும் சோப்பும் அரிதாயின; மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது. இருப்பதைக் கொண்டு உலை வைக்கும் கவலை பெரும்பாலும் பெண்கள்மேலேயே விழுந்தது. சட்டம் வந்து 41 ஆண்டுகள் கழிந்து, 2016-இல் நடந்த தேசிய ஆய்விலும், ஊதியமில்லா வேலைக்குப் பெண்கள் ஆண்களைவிட வாரத்திற்குச் சராசரியாக 14 மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டது தெரியவந்தது. 2022 செப்டம்பர் வாக்கெடுப்பில் புதிய சட்டமொன்று பழையதன் இடத்தைப் பெற்றது. அதன் வேறு சில பிரிவுகளைக் கியூப ஆயர்கள் ஏற்கவில்லை, அது தனிப்பொருள். வீட்டு வேலையின் மதிப்பை அதுவும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

அப்படியாயின் 1975-இன் சட்டம் வீணோ? அவ்வாறு சொல்ல நாம் துணியோம். களைத்த மனைவிக்கு அது ஒரு சொல்லைத் தந்தது: கடமை. கணவன் உதவியாகச் செய்தால், மனமிருந்தால் செய்வான், நன்றியும் எதிர்பார்ப்பான். கடமைக்கு நன்றி கேட்பார் யார்?

எனினும் மணநாளில் வாசிக்கப்பட்ட அப்பாடம் மிகப் பிந்தி வந்த பாடம். அதற்குமுன் இருபது ஆண்டுகள், உண்ட தட்டை அங்கேயே விட்டு எழும் தந்தையையும் அதை எடுத்துக் கழுவும் தாயையும் பார்த்து மணமகன் வேறொரு பாடம் படித்து முடித்திருந்தான். அந்த முதற்பாடத்தை எந்த அரசும் எழுத முடியாது, பெற்றோர்தாம் எழுதுகின்றனர். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இன்றிரவு உண்டு எழும்போது, அவர்கள் தட்டை எடுக்கப்போவது யார்?