வாஷிங்டன் (குடும்பப் பெயர்)

வாஷிங்டன் என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்து ஊர் ஒன்றின் பெயரிலிருந்து தோன்றிய ஆங்கிலக் குடும்பப் பெயர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனால் உலகெங்கும் அறியப்பட்டது. அமெரிக்காவில் இன்று இப்பெயரைத் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயருடைய சுமார் 1,63,000 பேரில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் அவர்களே.

தோற்றம்

12ஆம் நூற்றாண்டில் ஹார்ட்பர்ன் என்ற ஊரை வைத்திருந்த வில்லியம் என்பவர், அதை டர்ஹம் ஆயரிடம் கொடுத்துவிட்டு வெசிங்டன் என்ற ஊரை மாற்றாகப் பெற்றார். ஆயரின் நிலங்களைக் கணக்கெடுத்து 1183இல் எழுதப்பட்ட 'போல்டன் ஏடு' இதைப் பதிவு செய்கிறது. நிலத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 4 பவுண்டு செலுத்துவதும், ஆயரின் பெருவேட்டைக்கு நாய்களுடன் செல்வதும் அவர் கடமைகள். நிலக்கிழார்கள் தங்கள் ஊரையே பெயராகக் கொள்வது நார்மானியர் வழக்கம். ஆகவே ஹார்ட்பர்ன் வில்லியம், வெசிங்டன் வில்லியம் ஆனார். அவருடைய வழியினருக்கு அதுவே குடிப்பெயராக நிலைத்து, காலப்போக்கில் இன்றைய வடிவம் பெற்றது.

இங்கிலாந்தில் பரவல்

இக்குடிப்பெயரைத் தாங்கிய ஜான் வெசிங்டன் என்ற துறவி, 1416 முதல் 1446 வரை டர்ஹம் பேராலய மடத்தின் தலைவராக இருந்தார். லங்காஷயரின் வார்ட்டன் ஊரில் குடியேறிய கிளை, பின்னர் தெற்கே நகர்ந்தது. அக்கிளையின் லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகத்தில் செல்வம் சேர்த்து, நார்த்தாம்ப்டன் நகர மேயரானார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார்.

குடும்பத்தின் செல்வாக்கு நீடிக்கவில்லை. எசெக்ஸின் பர்லீ ஊரில் பங்குத்தந்தையாக இருந்த மற்றொரு லாரன்ஸ், உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1643இல் நாடாளுமன்றத் தரப்பினரால் பதவி நீக்கப்பட்டார். வறுமையில் வாடிய அவருடைய மகன் ஜான், 1650களில் கப்பலேறி வர்ஜீனியாவில் குடியேறினார்.

அமெரிக்காவில்

ஜானின் கொள்ளுப் பேரன் ஜார்ஜ் 1732இல் பிறந்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. குருதிவழியில் இப்பெயரைத் தொடர்ந்தவர்கள் அவருடைய சகோதரர்கள், பிற உறவினர்கள் ஆகியோரின் வழியினரே. 1799இல் ஜார்ஜ் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் தமக்கு உரிமையான 123 பேரை விடுவிக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார்.

கறுப்பின மக்களிடம் இப்பெயர் பரவியதற்கு எசமானர் பெயர் ஒட்டிக்கொண்டது மட்டுமே காரணம் எனக் கருதுவது தவறு. வாஷிங்டன் குடும்பத்தார் உடைமையாக வைத்திருந்தவர்களைக் கொண்டு மட்டும் இப்பரவலை விளக்க முடியாது. அடிமை முறை ஒழிந்த காலத்தில், பள்ளியிலும் அரசுப் பதிவேட்டிலும் முழுப்பெயர் சொல்ல வேண்டிய நிலை வந்தபோது, பலர் தாமே தேர்ந்தெடுத்த பெயர் இது. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் (1856–1915) இதற்குத் தெளிவான சான்று. வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, ஆசிரியர் கேட்டதும் வாஷிங்டன் என்று தாமே சேர்த்துச் சொன்னதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1881இல் டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரானார்.

ஒரு காலத்தில் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையே மறுக்கப்பட்ட மக்கள், நாட்டின் முதல் தலைவருடைய பெயரைத் தமதாக்கிக்கொண்டது குடியுரிமைக் கோரிக்கையாகவும் கருதத்தக்கது. அடிமை மரபில் வந்த வால்டர் வாஷிங்டன், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு வாஷிங்டன் நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயராக 1975இல் பதவியேற்றார். ஹெரால்ட் வாஷிங்டன் 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார்.

குடும்பச் சின்னம்

வெள்ளைக் கேடயத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் அவற்றுக்கு மேல் மூன்று சிவப்பு விண்மீன்களும் கொண்டது இக்குடும்பத்தின் சின்னம். அமெரிக்கத் தலைநகரம் 1938இல் ஏற்றுக்கொண்ட கொடி இதிலிருந்தே உருவானது.

இயற்பெயராக

ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் அவற்றுக்கு அப்பாலும் இது இயற்பெயராகவும் வழங்குகிறது. சென்னையைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு அவருடைய தந்தை, இளமையில் தம் படிப்புக்கு உதவிய முன்னாள் படைவீரர் ஒருவரின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார்.