அரக்கர் வேடம்: பேராக் தோட்டக் கூத்திலிருந்து மேசை விளையாட்டு வரை

கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்பெறும் முதிய இரப்பர் மரத்தைப் பற்றி நம் நாட்டுப் பள்ளி மாணவர் அனைவரும் படித்திருப்பர். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கன்றுகள், அன்று பேராக்கின் பிரிட்டிஷ் ஆளுநர்ப் பிரதிநிதியாக விளங்கிய ஹியூ லோவின் இல்லத்தை ஒட்டி நடப்பெற்றன. அவற்றுள் எஞ்சியதாகக் கருதப்படுவது அம்மரம். அம்மரத்தால் விளைந்த செல்வத்தின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அம்மரத்தை நம்பிக் கப்பலேறிய தமிழர், தம்மோடு இராவணனையும் இரணியனையும் இடும்பனையும் அழைத்து வந்தனர் என்பது அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் இரவு முழுவதும் கூத்தும் நாடகமும் நடந்த காலத்தில், பகலில் பால் மரம் சீவிய ஒருவர் இரவில் அரக்கர் வேந்தனாக நின்றார். அந்த வேடமே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம், நகர்ப்புற மலேசிய இளைஞரிடையேயும் பரவியுள்ள ஒருவகை மேசை விளையாட்டு ஆகும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் விளையாட்டு. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதை அவரவரே சொல்ல, ஐயத்திற்குரிய இடங்களில் பகடை முடிவு கூறும். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவராக இருந்து, எதிர்ப்படும் பகைவர் அனைவருக்கும் குரல் கொடுப்பார். கிளாந்தான் நிழற்கூத்தில் தாலாங் எனப்படும் ஆட்டுவிப்பவர் ஒருவரே எல்லாப் பாவைகளுக்கும் குரல் தருவதை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது.

இவ்விளையாட்டில் ஓர்க், கோப்ளின், ஓகர் முதலிய மனித உருக்கொண்ட கொடிய கூட்டத்தார் பலர் உண்டு. அவர்கள் முதலில் கொல்லப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவனாக ஆட்டக்காரர் வேடமேற்கலாமா என்ற வினா தொடக்கத்திலேயே எழுந்தது. 1974-ஆம் ஆண்டு விதிநூல், தொடக்கத்தில் வலிமை குறைந்திருக்குமாயின் எவ்வுருவையும் ஏற்கலாம் என இடமளித்தது. 1976-இல் கென் செயின்ட் ஆண்ட்ரே 'மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!' என்னும் விளையாட்டை வெளியிட்டு, ஆட்டக்காரர் அனைவரையும் அரக்கராக்கி மனிதர் ஊர்களின் மேல் படையெடுக்கவிட்டார். அது நையாண்டி. ஆனால் கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நடத்துநர் வழிகாட்டியில், அரக்கரைப் பாத்திரமாக ஏற்பதை ஊக்குவிக்கலாகாது என விரிவாக வாதிட்டார். மனிதரை மையமாகக் கொண்ட உலகில்தான் ஆட்டம் நிலைபெறும் என்பது அவர் கருத்து. அதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த ஆட்டக்காரர் கையேடு பாதி ஓர்க், பாதி மனிதனாகிய ஒருவனை ஏற்க மட்டும் இசைந்திருந்தது. அந்தப் பாதி வழியாகவே பின்னர் முழுக்கூட்டமும் உள்ளே வந்தது. 1988-இல் ஓர்க் நாடுகளுக்கெனத் தனி நூலும், 1993-இல் இத்தகையோரை ஏற்பதற்கான முழு வழிகாட்டியும், 2003-இல் எவ்வகை அரக்கனையும் படிப்படியாக வளர்த்தெடுக்கும் விதிகளும், 2016-இல் கோப்ளினும் ஓர்க்கும் ஏனையோரோடு ஒருங்கே இடம்பெறும் நூலும் வெளிவந்தன.

இவ்வரிசையில் நமக்கு நேரடித் தொடர்புடைய ஒருவன் இருக்கிறான். 1977-இல் வெளியான இவ்விளையாட்டின் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் 'ராக்ஷசா' இடம்பெறுகிறான். புலித்தலையும் செல்வர் உடையும் கையில் புகைக்குழாயுமாக அங்கு வரையப்பட்டிருக்கும் உருவத்தைக் கம்பனிலோ வான்மீகியிலோ தேடிப் பயனில்லை. பிற்காலப் பதிப்புகளில் அவன் உள்ளங்கைகளும் பின்புறமாகத் திரும்பிவிட்டன. மந்திரித்த அம்பு ஒன்றே அவனைக் கொல்லும் என்ற விதி, 1974 டிசம்பரில் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் காணப்படுவதே. இராவணனுக்கு வேதம் தெரியும், வீணை தெரியும், தங்கையின் அவமானமும் தெரியும். மேசை விளையாட்டுக்குச் சென்ற அவன் இனத்தானுக்கோ, ஏமாற்றி உண்ணும் பசி ஒன்றே தரப்பட்டது. பெயர் மட்டும் கடல் கடந்தது. பேச்சு கரையிலேயே நின்றுவிட்டது.

கூத்துக் களரியில் அரக்கர் பெற்ற இடம் முற்றிலும் வேறானது. வட தமிழகக் கூத்தில் இரணியன், இராவணன், துரியோதனன் போன்றோர்க்கே பெரிய கிரீடமும் புஜக்கட்டையும் உரியன. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, அடவு காட்டி, திரை விலகியதும் வெளிப்படும் அவ்வேடத்தைக் கட்டியங்காரன் எதிர்கொண்டு, யார், எந்நாடு, என்ன பெருமை என வினவுவான். வேடதாரி தன் குலம், தான் பெற்ற வரம், தன் ஆட்சிச் சிறப்பு ஆகியவற்றைத் தன் வாயாலேயே கூறியாக வேண்டும். இது வெறும் சடங்கன்று. இரணியன் திருமாலைப் பகைப்பதற்குத் தன் உடன்பிறந்தான் இரணியாக்கன் கொல்லப்பட்டதைக் காரணமாகக் கூறும்போது, அவையோர் அக்காரணத்தைக் கேட்டே தீரவேண்டியவராகின்றனர். விடியற்காலையில் அவன் குடல் கிழிக்கப்படும். அது அனைவரும் அறிந்ததே. ஆயினும் இரவு முழுவதும் அவன் தன் வழக்கை எடுத்துரைத்திருப்பான்.

இலக்கியத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. வான்மீகியில் இல்லாத இரணியன் வரலாற்றைக் கம்பர் யுத்த காண்டத்தில் வீடணன் கூற்றாக அமைத்து, அதற்கு ஒரு படலமே ஒதுக்கினார். கும்பகருணன், தம்பி அழைத்தும் செல்லாது, தோல்வி உறுதி எனத் தெரிந்தே அண்ணனுக்காகப் போரிட்டு மடியும் பகுதியை வகுப்பில் பாடம் நடத்திய எவரும் அவனை ஒரு 'கொடிய பாத்திரம்' என எளிதாக வகைப்படுத்தியிரார்.

வேடம் ஏற்பவனிடத்திலும் இம்மரபு அச்சம் கொண்டிருந்தது. மேலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் நிகழும்போது நரசிம்ம முகமூடி வழிபாட்டுக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருப்பார். ஆவேசம் மிகுந்தால் பிறர் அவரைப் பிடித்து நிறுத்துவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இளமையில் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் பெயர்பெற்றவர். சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு சலவைத்தொழில் செய்த பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டதாகவும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டு ஆசிரியராகவும் நாடகம் இயற்றுபவராகவும் அமைந்ததாகவும் மரபுவழிச் செய்தி உண்டு. அவருடைய நாடகங்கள் மலாயாவிலும் நடிக்கப்பெற்றன. அச்செய்தி எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என வரையறுப்பது நம் நோக்கமன்று. கொடியோன் வேடம் அணிந்தவனுக்கும் கண்டவர்க்கும் அதனால் ஏதோ நேரும் என்று ஒரு சமூகம் நம்பியதை அது காட்டுகிறது. பகடை உருட்டும் மேசையில் அந்த அச்சம் இல்லை.

பேராக் மண்ணில் இராவணன் தமிழரோடுதான் வந்தான் என்று கொள்ளுவதும் பொருந்தாது. மலாய் 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதன் கைப்பிரதி ஒன்று 1630-களிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்துவிட்டது. அதில் நாடு கடத்தப்பட்ட இராவணன் செரெண்டிப் மலையில் கடுந்தவம் இயற்றுகிறான். நபி ஆதாம் அவனுக்காக இறைவனிடம் வேண்டி, நீதியோடு ஆள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் நான்கு உலகங்களின் ஆட்சியைப் பெற்றுத் தருகிறார். சீதை அவனுக்கே பிறந்து பெட்டியிலிட்டு நீரில் விடப்பட்ட மகள் என்றும் அந்நூல் கூறும். பேராக்கில் பணியாற்றிய டபிள்யூ. இ. மேக்ஸ்வெல், மலாய்க் கதைசொல்லி ஒருவரிடமிருந்து பதிவுசெய்த வாய்மொழி வடிவத்தை 1886-இல் வெளியிட்டார். அதில் இராவணன் 'ராஜா துவானா' எனத் திரிந்திருக்கிறான். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் ச. சிங்காரவேலு, தென்கிழக்காசிய இராமாயண மரபுகளைத் தமிழ் வடிவங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து இத்துறைக்கு அடித்தளமிட்டவர். இன்றைய மலாய் வழக்கில் 'ரக்சாசா' என்பது பெரும்பாலும் பேருருவை மட்டுமே குறிக்கிறது. தமிழில் 'அசுர வேகம்' பாராட்டாகவும் 'அரக்கத்தனம்' பழிப்பாகவும் ஒருங்கே வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம்.

இனி, இவ்வேடத்தில் பொதிந்துள்ள இடரைப் பற்றியும் கூற வேண்டும். அரக்கர் என்போர் உண்மையில் யார் என்ற வினாவுக்கு, உயிருள்ள ஒரு மக்கட்கூட்டத்தைச் சுட்டிக்காட்டும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. இராமாயண அரக்கரைத் தென்னாட்டுப் பழங்குடிகளாகவும், பின்னர் திராவிடராகவும் பொருள்கொண்டோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞரிடையே பலர். இதே மனநிலையைக் கோலா கங்சார் மாவட்டத்திலும் காணலாம். சுங்கை சிப்புட்டின் உட்காடுகளில் வாழும் தெமியார் மக்களைக் காலனிய எழுத்துகள் 'சக்காய்' என்றே குறித்தன. அடிமை, ஆட்பட்டவன் என்னும் பொருளுடைய அச்சொல் விலக்கப்பட்டு, 'ஓராங் அஸ்லி' என்பது அரசுவழக்காக நிலைபெற 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர்க்குக்கும் இத்தகைய பின்னணி உண்டு. அவ்வினத்தை நவீனக் கதையுலகுக்குத் தந்த டோல்கியன், 1958-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், அவர்களின் தோற்றத்தை ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவராகத் தோன்றும் மங்கோலிய வகையினரோடு ஒப்பிட்டு விளக்கினார். கற்பனை இனம் எனப்படுவதன் முகத்தில் நம் அண்டை வீட்டாரின் சாயல் இருப்பதை இக்கடிதம் ஒளிவின்றிக் காட்டுகிறது.

தமிழர் இதற்குத் தந்த விடை வியக்கத்தக்கது. அரக்கர் நாங்கள் அல்லர் என்று மறுப்பதற்கு மாறாக, ஆம், அவ்வேடம் எங்களுடையதே என்று அதனை எடுத்து அணிந்தனர். 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ரா. ஈப்போவில் தமிழர் மாநாட்டில் உரையாற்றினார். அதன்பின் சுயமரியாதைக் கருத்துகள் இந்நாட்டுத் தமிழரிடையே வேரூன்றின. பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934-இல் மேடையேறியது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல்தான் தடை நீங்கப்பெற்றது. ஒரு வேடத்தை அணிவதற்கு அரசின் தடையை எதிர்கொள்ள நேர்ந்தது என்றால், அதனை விளையாட்டு என்று சொல்லிக் கடக்க இயலாது. ஆயினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். இப்படைப்புகளில் அரக்கன் மாசற்ற வீரனாகிவிடுகிறான். கூத்தின் இரணியனிடம் இருந்த செருக்கும் குருதிவெறியும் கழுவப்பட்டு, கயமை முழுவதும் எதிர்த்தரப்புக்கு மாற்றப்படுகிறது. அரசியல் தேவை புரிகிறது. பாத்திரம் மெலிந்துவிட்டது என்பதும் உண்மை.

மேசை விளையாட்டிலும் அண்மையில் இதையொத்த திருத்தம் நிகழ்ந்துள்ளது. 2020-இல் வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், ஓர்க் முதலியோரைப் பிறவியிலேயே தீயவராகக் காட்டும் முறையைத் திருத்துவதாக அறிவித்தது. 2022 இறுதியில் 'இனம்' என்னும் சொல்லைக் கைவிட்டு 'உயிரினவகை' என்ற பொருளுடைய சொல்லை மேற்கொள்ளவிருப்பதாகக் கூறியது. 2024-ஆம் ஆண்டுக் கையேட்டில் பாதி ஓர்க் நீக்கப்பட்டு, முழு ஓர்க்கே ஏனையோர்க்கு இணையாக இடம்பெற்றான். பிறப்பால் தீமை என்ற கோட்பாடு நீங்கியது நன்றே. சாதியின் வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தோற்றம் தவிர வேறெவ்வகையிலும் வேறுபடாத ஓர்க்கை ஏற்று நடிப்பவர், பக்கத்திலிருக்கும் மனிதனை நடிப்பவரினும் வேறாக எதை உணர்வார் என்ற வினா எஞ்சுகிறது. அஞ்சத்தக்கவனாகவே நின்று, தன் நியாயத்தையும் உரக்கக் கூறி, அதன்பின் தன் முடிவை அடையும் கூத்தின் அரக்கனே இவ்விரண்டினும் முழுமையான பாத்திரம் என்பது நம் துணிபு.

அம்முழுமை ஏட்டில் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்திற்குக் காவடி சுமந்து செல்வோர், பேராக்கின் பல தோட்டங்களிலிருந்தும் அத்தோட்டங்கள் கலைந்தபின் உருவான குடியிருப்புகளிலிருந்தும் வருபவர்கள். காவடியின் தோற்றத்தைக் கூறும் கதையில் அதனை முதலில் சுமந்தவன் இடும்பன். அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி ஆகிய இரு குன்றுகளைத் தோளில் தூக்கிவந்த அந்த அசுரன், முருகனோடு பொருது மடிந்து, மீண்டும் உயிர்பெற்றான். ஆகவே காவடியைத் தோளேற்றும் ஒவ்வொருவரும் சில நாழிகை நேரம் அசுரனின் நடையை நடக்கின்றனர். அவர்களுள் பலர் அவ்வாறு எண்ணிப் பார்த்திரார். பழனியில் மலைப்படிகளின் இடையே இடும்பனுக்குச் சன்னதி உண்டு. ஏறுவோர் அவனை வணங்கிய பின்னரே மேலே செல்வர்.