விலகுவோரும் விலக்குவோரும்: ஆங்கிலத் தவிர்ப்பு வினைகளில் பொறுப்பின் இடம்

சாலையில் மாடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் வண்டியை ஒடித்துத் திருப்பி மோதாமல் தப்பிக்கிறார். அவர் விபத்தை ‘அவாய்ட்’ செய்தார் என்பது ஆங்கில வழக்கு. மாடு சாலைக்கே வராதபடி முன்னதாக வேலி போட்ட பொறியாளர் விபத்தை ‘ப்ரிவென்ட்’ செய்தவர். ஓட்டுநருக்கு இரண்டாம் வினையும் ஓரளவு பொருந்தும். பொறியாளருக்கு முதல் வினை பொருந்தாது. அந்த விபத்தின் பாதையில் அவர் இருக்கவே இல்லை.

ஒத்தசொல் பட்டியல்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 1852இல் வெளிவந்த ரோஜேயின் தெசாரஸ் முதல் இன்றைய போட்டித்தேர்வுக் கையேடுகள் வரை, இத்தகைய வினைகள் பொருள் நெருக்கத்தால் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. எது பேச்சுக்குரியது, எது எழுத்துக்குரியது என்பதை மட்டும் சில நூல்கள் கூடுதலாகச் சொல்லும். நடை வேறுபாடு உண்மைதான். ‘எஸ்ச்யூ’ என்று சந்தைக்கடையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் இவ்வினைகளைப் பிரிக்கும் முதன்மைக் கோடு நடையில் இல்லை. நேராமல் போன ஒன்றுக்கு யார் பொறுப்பு, நகர்ந்தது ஆளா, ஆபத்தா என்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடரமைப்பே இதற்கு முதற்சான்று. ‘அவாய்ட்’டுக்குப் பின் வரும் தொழிற்பெயர் பொதுவாக எழுவாயின் சொந்தச் செயலையே குறிக்கும்: நான் பேசுவதை நான் தவிர்க்கிறேன். ‘ப்ரிவென்ட்’ இன்னொருவரை எதிர்பார்க்கிறது: அவர் பேசுவதை நான் தடுக்கிறேன். ஒருவர் தன் சிரிப்பையே அடக்கினார் என்பதை இவ்வினையால் சொல்ல வேண்டுமானால் தற்சுட்டுப் பெயர் தேவை. ஒரே ஆளை இலக்கணம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ‘அவெர்ட்’ தொழிற்பெயரையே ஏற்காது. போர், பஞ்சம், வேலைநிறுத்தம் போன்ற பெயர்ச்சொல்தான் வேண்டும். அதுவும் கண்ணெதிரே வந்துகொண்டிருப்பதாக இருக்க வேண்டும். ‘ஷன்’ பெரும்பாலும் மனிதரையும் அவர்களது கூட்டத்தையும் நாடும்; ‘எஸ்ச்யூ’ பழக்கத்தையும் கொள்கையையும் நாடும். இவ்விரண்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை.

‘அவாய்ட்’, ‘இவேட்’ இரண்டிலும் நகர்பவர் எழுவாய்தான். எதிலிருந்து நகர்கிறார் என்பதில்தான் வேறுபாடு. வரிச் சட்டம் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தம் தோட்டக்காரர் முதலிய பணியாளர்களுக்கு ஒப்பந்த ஆவணம் வழியாகப் பணம் கொடுத்துத் தம் வரியைக் குறைத்துக்கொண்டார். 1936ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் பதிவான அவ்வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை அவர் பக்கம் நின்றது. கடன் பிறக்கும் முன்பே விலகிக்கொள்வது ‘அவாய்ட்’. பிறந்துவிட்ட கடனிலிருந்து நழுவுவது ‘இவேட்’. தமிழில் முன்னதை வரித் தவிர்ப்பு என்றும் பின்னதை வரி ஏய்ப்பு என்றும் சரியாகவே பிரித்திருக்கிறோம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1985ஆம் ஆண்டு மெக்டவல் தீர்ப்பில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, தந்திரமான தவிர்ப்பையும் நீதிமன்றம் ஆதரிக்கலாகாது என்று கடுமையாக எழுதினார். ஆயினும் அந்த வினையில் குற்றம் ஏறவில்லை. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய வரி விதிகள் ‘அனுமதிக்கத் தகாத தவிர்ப்பு ஏற்பாடு’ என்று அடைமொழி சேர்த்தே கண்டிக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் 2013இல் தன் விதிக்குப் பெயரிட்டபோது ‘தவிர்ப்பு’ என்பதை விட்டுவிட்டுத் ‘துஷ்பிரயோகம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அதுவே நேர்மையான பெயர் என்பது என் கருத்து.

இனி ‘ப்ரிவென்ட்’. இதைத் ‘தடு’ என்று பெயர்ப்பது நம் வழக்கம். பல இடங்களில் அது பொருந்தவும் செய்யும். ஆனால் ‘அம்மா எவ்வளவோ தடுத்தும் அவன் போய்விட்டான்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். இதே வாக்கியத்தை ‘ப்ரிவென்ட்’ கொண்டு ஆங்கிலத்தில் அமைத்தால் முரண்பாடாகிவிடும். போய்விட்டான் என்றால் அவள் ‘ப்ரிவென்ட்’ செய்யவில்லை, முயன்றாள், அவ்வளவே. ஆங்கில வினை வெற்றியைத் தனக்குள் அடக்கியது. தமிழ் வினை முயற்சியோடும் நின்றுகொள்ளும்.

வெற்றியை அடக்கிய வினையைச் சட்டக் கடமையாக எழுதினால் என்ன ஆகும்? 1948ஆம் ஆண்டு இனப்படுகொலை உடன்படிக்கையில் நாடுகள் இனப்படுகொலையை ‘ப்ரிவென்ட்’ செய்யவும் தண்டிக்கவும் பொறுப்பேற்கின்றன. சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், படுகொலை நடந்தாலே கடமை மீறப்பட்டதாகிவிடும். செர்பியாவுக்கு எதிராகப் பொஸ்னியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் அப்படிக் கொள்ளவில்லை. இது நடத்தைக் கடமை, விளைவுக் கடமை அன்று. தன் கைவசமிருந்த நியாயமான வழிகளை எல்லாம் ஒரு நாடு கையாண்டதா என்பதே கேள்வி என்றது. அந்த அளவுகோலின்படியே, 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த இனப்படுகொலையைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தின் ‘ப்ரிவென்ட்’ சட்டத்துக்குள் நுழைந்ததும் நம் ‘தடு’வுக்கு அருகே வந்து நிற்கிறது. அகராதிப் பொருள் மாறவில்லை. கடமையை யார் மேல், எவ்வளவு சுமத்துவது என்ற கணக்கு மாறியது.

எழுவாய் யார் என்று பார்ப்பதும் பயன் தரும். 1992ஆம் ஆண்டுக் காலநிலை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில், ஆபத்தான மனிதத் தலையீட்டைத் தடுக்க வல்லது பசுங்குடில் வாயுக்களின் ஒரு செறிவு மட்டம். அந்த வினைக்கு நாடுகள் எழுவாய் ஆகவில்லை. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசும்போது வருவது ‘அவெர்ட்’. ஆபத்து கண்ணெதிரே வந்துவிட்டது என்ற ஒப்புதல் அந்த வினையிலேயே இருக்கிறது. அங்கும் நாடுகள் அதன் முக்கியத்துவத்தை ‘அங்கீகரிக்கின்றன’, அவ்வளவே.

சொற்பிறப்பைத் துணைக்கழைப்போரும் உண்டு. ‘ப்ரிவென்ட்’டின் லத்தீன் வேர் ‘முன்னே வருதல்’ என்பது. நம் ‘வருமுன் காத்தல்’ நினைவுக்கு வருவதால் மகிழ்ச்சி தரலாம். ஆனால் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் அச்சொல்லுக்கு முந்திச் செல்லுதல் என்றே பொருள், தடுத்தல் அன்று. இன்று முந்திக்கொண்டு தடுப்பதைக் குறிக்கும் ‘ஃபோர்ஸ்டால்’ முற்காலத்தில் சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மடக்கி வாங்கும் குற்றத்தின் பெயர்; பிரிட்டனில் அக்குற்றம் 1844இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. வேர்கள் சுவையானவை, வினைத் தேர்வுக்கு உதவாதவை.

தமிழ் நாளிதழ்களில் ‘அசம்பாவிதம் தவிர்க்கப்பட்டது’ என்பது தேய்ந்த தொடர். தவிர்த்தவர் யார் என்பது அதில் இல்லை. ‘அவெர்ட்’டின் செயப்பாட்டு வடிவைத் தாங்கிவரும் இந்திய ஆங்கிலத் தலைப்புகளிலும் இல்லை. இத்தனைக்கும் விலகு–விலக்கு, ஒதுங்கு–ஒதுக்கு, அகல்–அகற்று என்று ஆள் நகர்வதையும் பொருளை நகர்த்துவதையும் பிரிக்கும் தன்வினை, பிறவினை இணைகள் நம்மிடம் ஏராளம். ஆங்கில–தமிழ் அகராதி செய்வோர் இவ்வினைகள் எல்லாவற்றுக்கும் ‘தவிர்’, ‘தடு’ என்று எழுதி நகர்ந்துவிடாமல், எழுவாய் ஆபத்தின் பாதையில் இருக்க வேண்டுமா, வினை வெற்றியை உள்ளடக்கியதா, கடமை முன்பே பிறந்துவிட்டதா என்ற மூன்று குறிப்புகளையாவது ஒவ்வொரு பதிவிலும் தர வேண்டும்.