கட்டுமரம் கண்ட கரை

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள், விரைந்து செல்லும் இரட்டை உடற் படகுகளைக் 'கேட்டமரான்' என்று பிறர் அழைக்கக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் நம் கட்டுமரமே. அதைச் செய்து கடலில் விட்ட கரைகளுள் ஒன்று, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் விழிஞத்தை அடுத்துள்ள கோட்டுகால். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய தென்திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் கோட்டுகாலின் அடிமலத்துறை மணலில் ஏற்றப்பட்ட கட்டுமரமும், எல்லைக்கு இப்பால் குளச்சலில் ஏற்றப்பட்ட கட்டுமரமும் ஒரே இனத்தவை.

இக்கரைக்கு நெடிய வரலாறு உண்டு. விழிஞம் ஆய் வேந்தரின் துறைமுகம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதன் கோட்டையை அழித்தான். பின்னர் முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தியை அவன் கல்வெட்டுக்கள் இடைவிடாது கூறுகின்றன. கலிங்கத்துப்பரணியும் விழிஞத்தையும் காந்தளூரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது. கலம் என்பது கப்பலா, உண்கலமா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். கப்பலே என்று கொண்டாலும், அதை அறுத்தவன் பெயர் கல்லில் நிற்கிறதேயன்றிக் கட்டியவன் பெயர் எங்கும் இல்லை.

மரக்கலம் செய்யும் தச்சரை ஓடாவி என்பது பழந்தமிழ் வழக்கு. பலகையை வளைத்து, மூட்டுவாய் அடைத்து, நீர் புகாமல் செய்வது அவர் கலை. கட்டுமரம் இதற்கு நேர்மாறானது. நீர் உட்புகுமே என்ற அச்சம் அதற்கில்லை. உட்புறம் இருந்தாலன்றோ நீர் புகும்! எடை குறைந்த மரத்தைத் தேர்ந்து, வாய்ச்சியால் செதுக்கி, முனையைச் சற்றே மேல்நோக்கி ஒதுக்கி, மூன்று நான்கு மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைப்பர். மேலே புரளும் அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். விழிஞத்திற்குத் தெற்கே நீண்டு கிடக்கும் திறந்த மணற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலையைக் கடக்க இதனினும் ஏற்ற கலம் அக்காலத்தில் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். நீர் குடித்த மரம் கனக்கும், கனத்த மரம் மிதவாது. எந்த மரம் நடுவே, எது ஓரத்தில் என்பதற்கு வரைபடம் இல்லை. கண்ணும் கையுமே அளவுகோல். எளிய பொருள் என்று இதை எண்ணுவோர் ஒருமுறை செதுக்கிப் பார்க்கவேண்டும்!

வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலேயக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரித்தார். 1876-இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகொன்றைக் கட்டினார். அத்தகைய படகின் முன்னோடி பசிபிக் தீவினர் கலமேயன்றி நம்முடையதன்று. ஆயினும் பெயர் மட்டும் நம்மிடமிருந்து சென்று அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுகள் வந்தன. அவை துறைமுகத்தை வேண்டுவன. மணலில் ஏறி நிற்கும் படகு தேவைப்பட்ட தென்கரை மீனவர்க்கு அவற்றால் பயன் குறைவு. கட்டுமரத்துக்கான மரமோ அரிதாகி விலையேறி வந்தது. 1980-களில் பெல்ஜியப் பாதிரியார் பியேர் ஜில்லே, குமரி மாவட்டத்து முட்டத்தில் உள்ளூர் மீனவரின் அறிவைத் துணைக்கொண்டு, அலையைத் தாங்கும் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வகைப் படகுகளைக் கரையெங்கும் பரப்பியது. பின்னர்க் கண்ணாடியிழையும் வந்தது. செதுக்கும் வேலை ஒட்டும் வேலையாயிற்று. கண் அளந்ததை அச்சு அளக்கலாயிற்று. வாய்ச்சி பிடித்தவரின் மகனுக்குத் தந்தையின் கையளவு தேவைப்படவில்லை. இது இழப்பே, எனினும் புதுப் படகால் மீனவர் நெடுந்தொலைவு சென்று உலர்ந்த உடையோடு திரும்ப முடிந்தது என்பதையும் மறைத்தல் தகாது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரம் கரையோர மீனவர் இப்படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் வரை சென்று, கூரைகளின்மேல் தவித்தோரை மீட்டனர். கடலுக்கென்று கட்டிய படகு, தென்னந்தோப்புகளுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் இடையே அன்று துடுப்பிடப்பட்டது.